பதினாறு நாள் அணையாத பெட்டி

அறிவுமதி அந்த வீட்டின் படியேறியபோது மாலை மணி நான்கு. வெயில் தணியவில்லை. செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகும் சாலையில் பாறைமேடு என்று ஓர் ஊர். அவ்வூருக்கு உறவே இல்லாததுபோல் வயல்களுக்கு அப்பால் தள்ளி நிறுத்தப்பட்ட காலனி. அக்காலனியின் கடைசி வீடு அது.

அவ்வீட்டுக்கு உரியவர் பீமாராவ். மனு எழுதித் தருபவர், மேடையில் பேசுபவர். "பேய் இல்லை, பிசாசு இல்லை! பேய் என்று சொல்லி உன்னை இந்த வழியில் நடக்கவிடாமல் தடுக்கிறானே, அவன் இருக்கிறான். அவனைப் பார்த்துப் பயப்படாதே!" என்று முப்பது ஆண்டுகள் முழங்கியவர். பதினாறு நாள்களுக்கு முன், தரைப்பாலத்துத் திருப்பத்தில் மோட்டார் சைக்கிளோடு இறந்து கிடந்தார். தானே விழுந்தார் என்றது ஊர். தானே விழுந்தார் என்றே எழுதிக்கொண்டது போலீஸ் காகிதம்.

அறிவுமதிக்கு அப்பெயரைச் சூட்டியவர் அவர்தான். இன்று செஞ்சிக் கடைத்தெருவில் கணினி பழுதுபார்க்கும் கடையை அவள் தனியொருத்தியாக நடத்துகிறாள்.

"வா கண்ணு" என்று தைலம்மாள் அறையின் பூட்டைத் திறந்தாள். பீமாராவின் மனைவி. எழுதப் படிக்கத் தெரியாதவள். "நாளான்னிக்கு விசாரண. வக்கீலு, பேப்பரெல்லாம் இதுலதான் இருக்குது, பத்திரமா ஒரு காப்பி எடுத்துக்குங்கன்னு சொல்லிட்டாரு."

நாற்பத்து மூன்று குடும்பங்களுக்கு அரசு ஒரு காலத்தில் நிலம் வழங்கியது. இன்று அந்நிலத்தில் நிற்பது விநாயகம் என்பவரின் கரும்பு. நிலம் வழங்கிய தாள்களைப் போன ஆண்டுப் புயல் வெள்ளம் கூழாக்கிவிட்டது. அதற்கு முன்பே பீமாராவ் எடுத்து வைத்த நகல்கள் மட்டும் அக்கணினிக்குள் உயிரோடிருந்தன.

அறைக்குள் புழுக்கம். சன்னல்கள் சாத்தியிருந்தன. சுக்கு வாசனை அடித்தது. மேடையேறும் முன் தொண்டைக்காக ஒரு துண்டுச் சுக்கை வாயில் அடக்கிக்கொள்வது அவர் வழக்கம். வாசனை அலமாரியிலிருந்து வரவில்லை. கணினிப் பெட்டியின் விசிறி வெளியே தள்ளிய வெப்பக்காற்றில் வந்தது.

"ஓடிட்டு இருக்குது போலிருக்கே அத்தே?"

தைலம்மாள் தலை குனிந்தாள். "விளக்கு வைக்காத, பதினாறாம் நாள் காரியம் பண்ணாதன்னு எழுதியே வச்சிட்டுப் போயிட்டாரு. அவரு பேச்ச மீறல. ஆனா மனசு கேக்கல கண்ணு. அன்னிக்கு அவரு இத ஆஃப் பண்ணாமதான் கெளம்பினாரு. அந்தப் பச்ச லைட்டு எரிஞ்சிட்டே இருக்கட்டும்னு உட்டுட்டேன். கரண்ட்டு போனாக்கூட பேட்டரி தாங்கிக்கும். மேல இருக்கிற டி.வி. மாதிரி இருக்கிறத மட்டும் அணைச்சிட்டேன். ராத்திரில யாரோ மூஞ்ச நீட்டிப் பாக்கற மாதிரி இருந்திச்சு."

விளக்கை மறுத்த மனிதனுக்கு விளக்காக அவன் கணினியையே எரியவிட்டிருந்தாள் அந்தப் பெண். இதைச் சிரிப்பவர் சிரிக்கட்டும். அறிவுமதிக்குச் சிரிப்பு வரவில்லை.

பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. டக், டக், டக். ஓர் இடைவெளி. டக்.

சாகும் நிலையிலுள்ள ஹார்டு டிஸ்க் அப்படித்தான் தட்டும். உள்ளே எழுத்தைப் படிக்கும் முள் தடுமாறுகிறது, ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. திரையை உயிர்ப்பித்து, முறைப்படி அணைத்திருக்க வேண்டும். அவளோ பதற்றத்தில் பெட்டியின் பொத்தானில் விரலை வைத்து ஐந்து வினாடி அழுத்திப் பிடித்தாள்.

பச்சை விளக்கு அணைந்தது.

தட்டல் நின்றது, பேசிக்கொண்டிருந்தவர் வாயைப் பொத்தியதுபோல்.

அப்போது மணி நான்கு பத்து.

பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு காலனியின் முனைக்கு வந்தபோது, டிராக்டரை நிறுத்திவிட்டு நிழலில் நின்றிருந்தார் விநாயகம். சலவை வேட்டி, நெற்றியில் வியர்வை.

"இன்னா பாப்பா, பொட்டிய தூக்கினு போற? கெட்டுப் போச்சா?"

"ஆமாங்க."

"வுட்டுத் தொலையேன். வேணும்னா புதுசா ஒண்ணு நானே வாங்கித் தரேன்." சிரித்தார். "பேயே இல்லன்னு மைக்கு புடிச்சிக் கத்தினாரு. இப்ப எந்தப் புளியமரத்துல குந்தியிருக்கறாரோ!"

அறிவுமதி வண்டியை முறுக்கினாள்.

அன்று மாலையே கடையில் பழைய டிஸ்கை வேறொரு கணினியில் மாட்டி, அதிலுள்ளதைப் புதிய டிஸ்குக்கு அப்படியே படியெடுக்கத் தொடங்கினாள். பழையது எந்தக் கணத்திலும் மூச்சை விடலாம். பட்டியலில் மூன்று பகுதிகள் தெரிந்தன. இரண்டுக்குப் பெயர் இருந்தது, அளவும் பெரிது. மூன்றாவது ஓரத்தில் கிடந்த சிறு துண்டு. அதற்குப் பெயரில்லை, அடையாள எழுத்தும் இல்லை. நேரம் மிச்சமாகும் என்று அதை விட்டுவிட்டுப் பெயருள்ள இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்தாள். படியெடுத்து முடிந்ததும் எல்லாம் நலம் என்று சொல்லிற்று திரை.

மறுநாள் காலை புதிய டிஸ்கைப் பீமாராவின் பெட்டியில் பொருத்தினாள்.

அது எழவில்லை.

கறுப்புத் திரை. எழுப்பத் தகுந்த டிஸ்க் எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வெள்ளை வரி.

கேபிளை மாற்றினாள். எழவில்லை. எதிலிருந்து முதலில் எழ வேண்டும் என்னும் வரிசையைத் திருத்தினாள். எழவில்லை. பழைய முறை, புதிய முறை இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். இணையம் சொன்ன கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஒவ்வொரு முறையும் அதே கறுப்பு, அதே வெள்ளை வரி.

கோப்புகள் இருந்தன. வேறு கணினியில் மாட்டினால் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. ஆனால் ஒன்றும் திறக்கவில்லை. கள்ளக் கைகளுக்கு அஞ்சிய பீமாராவ் அவற்றைப் பூட்டி வைத்திருந்தார். அவருடைய கணினி அவர் பெயரில் எழுந்தாலன்றித் திறவாத பூட்டு அது.

நண்பகல் பேருந்தில் தைலம்மாள் வந்து சேர்ந்தாள். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு மூலை நாற்காலியில் அமர்ந்தாள். "இன்னா கண்ணு, ஆச்சா?"

"பூட் ஆவ மாட்டேங்குது அத்தே."

"அப்டின்னா?"

"எல்லாம் உள்ள இருக்குது. எழுந்திருக்க மாட்டேங்குது."

தைலம்மாள் மஞ்சள் பையை இறுக்கிக்கொண்டாள். "அன்னிக்கு ஆஸ்பத்திரில அவரையும் அப்பிடித்தான் பாத்தேன்" என்றாள்.

வக்கீல் வெற்றிவேல் இருமுறை அழைத்துவிட்டார். மாலை ஆறு மணிக்குள் தாள்கள் அவர் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நாளை வெறுங்கையோடு நிற்க வேண்டும். வெறுங்கையோடு நிற்பது நாற்பத்து மூன்று குடும்பங்களுக்கும் பழகிப்போன ஒன்று. அதைப் பழக்கியவர்களுக்கு நாளை இன்னொரு வெற்றி.

இரண்டு மணிக்கெல்லாம் வானம் மூடிக்கொண்டது. ராஜகிரிக் கோட்டை மலை மேகத்துக்குள் மறைந்தது. தெருவில் பகல் இருந்தது என்பதற்கே அடையாளம் இல்லை. முதல் மழைத்துளிகள் கடையின் தகரக் கூரையில் விழுந்தன.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அந்தச் சிறு துண்டு.

பெயரில்லாத, எழுத்தில்லாத, ஓரத்தில் ஒதுக்கப்பட்ட அந்தத் துண்டில்தான் கணினியை எழுப்பும் வழியே எழுதப்பட்டிருக்கும். மற்ற இரண்டும் எத்தனை பெரிதானாலென்ன? அது தட்டி எழுப்பினாலன்றி அவற்றால் ஓர் எழுத்தையும் காட்ட முடியாது. கோயிலையும் தெருவையும் குளத்தையும் வரைந்து, இதுதான் ஊர் என்று சொல்லி, அவ்வூரை நாள்தோறும் எழுப்புகிறவர்கள் வாழும் இடத்தை வரைபடத்தில் விட்டுவிடுகிறார்களே, அவர்களைப் பள்ளி நாள் முதல் வெறுத்தவள் அறிவுமதி. இன்று அவளே, அவள் கையாலேயே, பெயரில்லாததைத் தேவையில்லாதது என்று தள்ளியிருக்கிறாள். அவள் முகம் சூடேறியது.

பழைய டிஸ்கை மறுபடி இணைக்க வேண்டும். இதுவே கடைசி முறையாக இருக்கலாம்.

இணைத்தாள்.

டக், டக், டக். இடைவெளி. டக்.

தைலம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"கண்ணு... இது அவரு."

"டிஸ்க் பழசாச்சு அத்தே. அந்தச் சத்தந்தான்."

"எனக்குத் தெரியாதா? எழுதறப்ப அடுத்த வரி வரலன்னா மேசய இப்பிடித்தான் தட்டுவாரு. மூணு தட்டு. அப்பறம் யோசிப்பாரு. அப்பறம் ஒண்ணு. முப்பது வருசம் கேட்டிருக்கறேன்."

அறிவுமதி திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. சிறு துண்டு புதிய டிஸ்குக்கு நகர்ந்துகொண்டிருந்தது. நாற்பது விழுக்காடு. அறுபது. மழை வலுத்தது. கடை முழுவதும் சுக்கு வாசனை பரவியது; அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். எண்பது. தொண்ணூற்றொன்பது.

முடிந்தது.

பழைய டிஸ்க் ஒருமுறை சுழன்று அடங்கியது. மின்கம்பி, தரவுக் கம்பி இரண்டையும் பிடுங்கி, அதை மேசை ஓரத்தில் கிடந்த ரப்பர் விரிப்பின் மேல் வைத்தாள். வெறும் உலோகம். எதனோடும் தொடர்பில்லை.

புதிய டிஸ்கைப் பீமாராவின் பெட்டியில் பொருத்திப் பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. கறுப்புத் திரை நீலமாயிற்று. பீமாராவ் என்ற பெயர் தோன்றி, நான்கு எண்களைக் கேட்டது.

"எங்க கல்யாணத் தேதியும் மாசமும்" என்றாள் தைலம்மாள். "பூசாரி இல்லாத கல்யாணம். மறக்கக் கூடாதுன்னு அதையே வச்சாரு."

பூட்டு திறந்தது. நிலம் வழங்கிய தாள்களின் நகல்கள் நாற்பத்து மூன்றும் இருந்தன. அறிவுமதி நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் திரையின் நடுவில் ஓர் அறிவிப்பு வந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது கணினி அணைந்துவிட்டதாம். எழுதியதைக் காப்பாற்றி வைத்திருக்கிறதாம்.

கடைசியாகச் சேமித்த நேரம்: நேற்று மாலை, நான்கு பத்து.

"அத்தே, இது இன்னா?"

"வாக்குமூலமாயிருக்கும். ஒவ்வொரு குடும்பமும் நெலத்த எப்பிடி உட்டுச்சுன்னு எழுதிட்டு வந்தாரு. பத்தொம்பது பேருதுதான் முடிஞ்சிது. செத்த அன்னிக்குக் காலைலதான் அத வக்கீலு கிட்ட குடுத்தாரு."

அறிவுமதி உருட்டினாள். பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று.

நாற்பத்திரண்டு.

அத்தனையும் அவர் நடை. அத்தனையும் முழுமை. ஒவ்வொன்றின் அடியிலும் தேதி. இருபதாவதன் தேதி, அவரைப் புதைத்ததற்கு மறுநாள்.

"அந்த ரூமுக்குள்ள யாராச்சும் போனாங்களா?"

"சாவி என் இடுப்ப உட்டு எறங்கல."

"வெளியிலேருந்து, போன் வழியா..." என்று தொடங்கிய அறிவுமதி நிறுத்திக்கொண்டாள். அவ்வீட்டில் இணையம் இல்லை. அவர் கேட்டும் காலனிக்கு யாரும் கம்பி இழுத்துத் தரவில்லை.

நாற்பத்து மூன்றாவதும் இருந்தது.

"படி" என்றாள் தைலம்மாள்.

"நாற்பத்து மூன்றாவது குடும்பம், பீமாராவ் ஆகிய என்னுடையது. நிலத்தை என் தந்தை அடித்து விரட்டப்பட்டு இழந்தார். நான் உயிரை இழந்தேன். தரைப்பாலத்துத் திருப்பத்தில் விளக்கில்லாத டிராக்டர் ஒன்று என் வண்டியை இடித்தது. விழுந்த பின்னும் அரைமணி நேரம் எனக்கு உயிர் இருந்தது. குரல் எழவில்லை. ஆகவே விரலால் சாலையைத் தட்டினேன். மூன்று முறை, பிறகு ஒரு முறை. ஓட்டி வந்தவர் இறங்கி வந்தார். குனிந்து பார்த்தார். தட்டல் ஓயும்வரை நின்றார். கேட்டும் கேளாதவர்போல் அருகில் நின்றவர்"

அதோடு நின்றிருந்தது.

நான்கு பத்து. அவள் விரல். ஐந்து வினாடி.

அடுத்த சொல் ஒரு பெயராக இருந்திருக்கும். அவள் அதை அணைத்துவிட்டாள்.

தைலம்மாள் அழவில்லை.

அந்தக் கணினியில் பழுதில்லாத இணைப்புத் துளைகள் இரண்டே. அச்சு இயந்திரத்தைச் செருக, அறிவுமதி விசைப்பலகையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். சுட்டியைக் கொண்டு கட்டளையிட்டாள். நகல்கள் வந்தன. வாக்குமூலங்கள் ஒவ்வொன்றாக வந்தன. நாற்பத்திரண்டாவது தாளோடு அவள் கை தயங்கியது.

"தேதியப் பாத்தா நாமளே எழுதினோம்னு சொல்லுவானுங்க அத்தே."

"மத்தவங்களுது அவங்கவங்க வாயால சொன்னதுதான். அவங்களே வந்து கையெழுத்து போடுவாங்க. அவருத எடுக்காத." குரல் தெளிவாக இருந்தது. "முடிக்காத பேப்பர அவரு யாருக்கும் குடுத்ததில்ல. ஆஃப் பண்ணாத கண்ணு. அப்பிடியே எரியட்டும்."

வாசலில் நிழல் விழுந்தது.

விநாயகம். குடையை மடக்கி உதறிவிட்டு உள்ளே வந்தார். "மழைக்கி ஒதுங்கினேன். அட, தைலம்மாவும் இங்கதான் கீறியா? இன்னா, பொட்டி பேசுதா?"

அறிவுமதி அச்சிட்ட தாள்களைக் கவிழ்த்து வைத்தாள்.

"நாளைக்கி அங்க வந்து நின்னுக்கினு அழப் போற. இன்னாத்துக்கு இந்த வேல? அந்தாளு கூடவே எல்லாம் போச்சுன்னு..."

டக், டக், டக்.

விநாயகத்தின் பேச்சு நின்றது.

டக்.

மழை கூரையில் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. இது மழையன்று. அறிவுமதியின் பார்வை மெல்லத் திரும்பியது. ரப்பர் விரிப்பின் மேல், கம்பி ஏதுமின்றிக் கிடந்தது பழைய டிஸ்க்.

டக், டக், டக்.

விநாயகத்தின் முகம் வெளிறிப்போயிற்று. "அத நிறுத்து."

"எத?" என்றாள் அறிவுமதி. கேட்டது தன் குரல்தானா என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"அந்தத் தட்டறத நிறுத்துடீ! அன்னிக்கும் ரோட்டுல இப்பிடித்தான்..."

அவர் தம் வாயைத் தாமே பொத்திக்கொண்டார்.

தைலம்மாள் ஓரடி முன்னே வந்து நின்றாள். அவருக்கு முன் அவள் அப்படி நிமிர்ந்து நின்றது அதுவே முதல் முறை. "அன்னிக்கி?" என்றாள். "சொல்லு விநாயகம். அன்னிக்கி இன்னா?"

அவர் பின்வாங்கினார். குடை கீழே விழுந்தது. எடுக்கவில்லை. மழைக்குள் இறங்கி ஓடினார். சற்றுத் தொலைவில் டிராக்டர் உறுமிப் புறப்பட்டது.

மேசையின் மேல் தட்டல் நின்றுவிட்டது.

நின்றது மேசையின் மேல் மட்டுமே. தெருவில் கேட்டது. மழைக்கும் டிராக்டரின் இரைச்சலுக்கும் நடுவே, இரும்பில் விரலால் தட்டுவதுபோல், மூன்று, பிறகு ஒன்று. மூன்று, பிறகு ஒன்று. வண்டி அனந்தபுரம் சாலையில் திரும்பி மறையும்வரை கேட்டது. வண்டியோடு போயிற்று.

செத்தவன் தட்டுவதுதானா திகில்? உயிரோடிருப்பவன் அரைமணி நேரம் அருகில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தானே, அதைவிடவா?

"கண்ணு" என்று கிசுகிசுத்தாள் தைலம்மாள். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்தறியாத அவள் கண்ணுக்கும் ஒன்று தெரிந்திருந்தது: கடைசி வரி நீண்டிருந்தது.

விசைப்பலகை நாற்காலியில் கிடந்தது. அதன் கம்பி தரையில் தொங்கியது.

அறிவுமதி படித்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை, மறுபடி படித்தாள்.

"கேட்டும் கேளாதவர்போல் அருகில் நின்றவர் இன்று கேட்டுவிட்டார்."

முற்றுப்புள்ளி இருந்தது. அதன் அடியில் இன்றைய தேதி.

"முடிச்சிட்டாரா?" என்றாள் தைலம்மாள்.

அறிவுமதி தலையசைத்தாள். சுட்டியை அவள் தொடவில்லை. அவள் இரு கைகளும் தைலம்மாளின் கைகளுக்குள் இருந்தன.

அச்சு இயந்திரம் ஒரு தாளை உள்ளே இழுத்தது.